'முடித்திருப்பேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரப்போகும் ஒரு நேரத்துக்கு முன்பே ஒரு செயல் முடிந்திருக்கும் என்று சொல்லும் ஆங்கில வடிவமான ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் டென்ஸில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஆங்கில விதி தெரியாததால் வருபவை அல்ல. 'முடித்திருப்பேன்' என்ற ஒரே தமிழ் வடிவம் மூன்று வேலைகளைச் செய்வதால் வருபவை. 'நாளை மாலைக்குள் முடித்திருப்பேன்' என்பது வரப்போகும் நேரத்தைப் பற்றியது. 'நேற்றே சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்' என்பது நடக்காமல் போனதைப் பற்றியது. 'இந்நேரம் முடித்திருப்பாள்' என்பது ஊகம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'வில் ஹேவ் ஃபினிஷ்டு' என்றும், இரண்டாவதற்கு 'வுட் ஹேவ் ஃபினிஷ்டு' என்றும் எழுத வேண்டும். மூன்றாவதற்கு, வியப்பாக இருந்தாலும், 'ஷீ வில் ஹேவ் ஃபினிஷ்டு பை நவ்' என்று எதிர்கால வடிவமே பொருந்தும். 'மஸ்ட் ஹேவ்' என்றும் சொல்லலாம்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், 'திங்கட்கிழமைக்குள் அறிக்கையை முடித்திருப்பேன்' என்று மேலதிகாரிக்கு உறுதி சொல்ல விரும்பும் ஒருவர், 'ஐ வுட் ஹேவ் கம்ப்ளீட்டட் த ரிப்போர்ட் பை மண்டே' என்று எழுதிவிடுகிறார். படிப்பவருக்கு அது உறுதிமொழியாகத் தெரியாது. ஏதோ தடை வந்து வேலை நின்றுவிட்டது என்றே தோன்றும். 'வுட்' என்பதை 'வில்' என்பதன் பணிவான வடிவமாக நினைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். பணிவு கருதி இங்கே 'வுட்' போடக் கூடாது.

வடிவத்தில் நேரும் பிழைகள் எளிதில் திருந்தக்கூடியவை. 'வில்' வந்துவிட்டால் எழுவாய் யாராக இருந்தாலும் 'ஹேவ்' மாறாது. 'ஷீ வில் ஹேஸ்' என்பதும் 'வில் ஹேட்' என்பதும் ஆங்கிலத்தில் இல்லை. அதற்கடுத்து வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வர வேண்டும் என்பதால், 'வில் ஹேவ் வென்ட்' அன்று, 'வில் ஹேவ் கான்'; 'வில் ஹேவ் ரோட்' அன்று, 'வில் ஹேவ் ரிட்டன்'.

அதிகம் தடுமாற வைப்பது நம்முடைய 'க்குள்' என்ற உருபுதான். 'இரண்டு மணி நேரத்துக்குள்', 'இரண்டு மணிக்குள்' என்று கால அளவுக்கும் கடிகாரத்தின் ஒரு புள்ளிக்கும் நாம் அதையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது: கால அளவுக்கு 'விதின் டூ அவர்ஸ்', புள்ளிக்கு 'பை டூ ஓ கிளாக்'. 'விதின் டூ ஓ கிளாக்' என்று எழுதுவது பிழை. 'அன்டில்' என்பதோ நம் 'வரை'. ஆகவே 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்டு அன்டில் ஃபைவ்' என்பது பொருந்தாது. 'பை ஃபைவ்' என்றே எழுத வேண்டும். எதிர்மறையில் மட்டும் 'ஐ வோன்ட் ஹேவ் ஃபினிஷ்டு அன்டில் சிக்ஸ்' என்பது சரி, ஏனெனில் முடியாமல் இருக்கும் நிலை ஆறு மணி வரை நீடிக்கிறது.

'நீங்கள் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்' என்ற வாக்கியத்தில் வருகை இனிமேல்தான் நடக்கப்போகிறது என்பதால், 'பை த டைம் யூ வில் கம்' என்று எழுதத் தோன்றுவது இயல்பே. ஆனால் 'பை த டைம்', 'வென்', 'பிஃபோர்' போன்றவை தொடங்கும் காலத் தொடரில் ஆங்கிலம் நிகழ்கால வடிவத்தையே வைக்கிறது: 'பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்'. எதிர்காலத்தைச் சொல்லும் பொறுப்பு முழுவதையும் முதன்மைத் தொடரே ஏற்றுக்கொள்கிறது.

கற்ற புதிதில் இந்த டென்ஸைத் தேவையில்லாத இடத்திலும் புகுத்தும் ஆசை வரும். 'நாளை அவரைச் சந்திப்பேன்' என்பதற்கு 'ஐ வில் மீட் ஹிம் டுமாரோ' போதும். வரப்போகும் ஒரு நேரத்தில் நின்று, அதற்கு முன்பே முடிந்துவிட்டதைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் 'வில் ஹேவ்' தேவைப்படுகிறது. 'ஐ வில் ஃபினிஷ் பை ஃபைவ்' என்பதும் பிழையன்று. அது முடிக்கும் செயலைச் சொல்கிறது, 'வில் ஹேவ் ஃபினிஷ்டு' ஐந்து மணிக்கு வேலை முடிந்து கிடக்கும் நிலையைச் சொல்கிறது.

நீடிப்பைச் சொல்லும்போது ஒரு நுணுக்கம் உண்டு. 'வரும் ஜூனோடு நான் இங்கே வேலை செய்யத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகிவிடும்' என்பதை 'பை நெக்ஸ்ட் ஜூன், ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதலாம். ஆனால் ஒருவரைப் பத்து ஆண்டுகளாகத் தெரியும் என்று சொல்ல 'வில் ஹேவ் பீன் நோயிங்' என்று எழுத முடியாது. 'நோ' (தெரிந்திருத்தல்) போன்று, செயலை அல்லாமல் நிலையைச் சொல்லும் நிலைவினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை என்பதால், அங்கே 'வில் ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரியான வடிவம்.