இரவிகுளத்திலிருந்து காரைக்குடிக்கு: இருவராக ஒரே பகலில் காரில் இறங்கிவரும் முறை

செட்டிநாட்டிலிருந்து மூணாறுக்குக் காரில் செல்லும் தம்பதியர் பெரும்பாலும் மலையேறும் நாளைத்தான் கவனமாகத் திட்டமிடுகிறார்கள். திரும்பும் நாளை, வீட்டுக்குத்தானே போகிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் திட்டம் மிகுதியாகத் தேவைப்படுவது திரும்பும் நாளுக்குத்தான். மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் குளிர்ந்த புல்வெளியிலிருந்து, கடல்மட்டத்துக்கு நூறு மீட்டர் அளவே உயர்ந்த காரைக்குடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவை ஒரே பகலில் கடக்கிறோம். நானும் என் கணவரும் இவ்வழியில் பலமுறை வந்திருக்கிறோம். நாங்கள் கடைப்பிடிப்பது ஒரே விதி: மலைச்சாலையை உச்சிப்பொழுதுக்குள் முடிக்க வேண்டும், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை வெளிச்சம் இருக்கும்போதே தொட வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

பூங்காவுக்கு நுழைவுச் சீட்டை முன்னதாகவே இணையத்தில் எடுத்துவிடுங்கள். சொந்த வண்டியை நுழைவாயிலில் நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில்தான் பூங்காவில் பார்வையாளர் செல்லும் பகுதியான ராஜமலைக்கு ஏற வேண்டும். ஆகவே காலையின் முதல் பேருந்துகளில் இடம் கிடைத்தால்தான் பத்து மணியளவில் அங்கிருந்து புறப்பட முடியும். வரையாடுகள் பாதையோரத்திலேயே மேயும். அவற்றுக்குத் தின்பண்டம் நீட்டக் கூடாது, தொடவும் கூடாது. குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதால் நாள் குறிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நீலக்குறிஞ்சிக்காகவே போக விரும்புவோர் பொறுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது.

மூணாறிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வரும் சாலை மழைக்காலத்தில் மண்சரிவுக்கு உள்ளாவது உண்டு. புறப்படும் காலையில் தங்கிய விடுதியிலோ காவல் நிலையத்திலோ சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்திருந்தால் மறையூர், உடுமலைப்பேட்டை, பழனி, திண்டுக்கல், நத்தம் வழியாகத் திருப்பத்தூருக்கு வரலாம். ஆனால் அவ்வழி சின்னார் காட்டை ஊடுருவிச் செல்வதாலும் அங்கே யானை நடமாட்டம் உண்டு என்பதாலும் பொழுதோடு காட்டைக் கடந்துவிட வேண்டும்.

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்தான் இப்பயணத்தின் இதயம். இங்கே நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறும்போது எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லித்தருவது. இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் போட்டு உருட்டுவதால் மிச்சமாகும் பெட்ரோல் ஒன்றுமில்லை. அதனால் வரும் ஆபத்தோ மிகப் பெரிது. ஆட்டோமேட்டிக் வண்டியானால் அதிலுள்ள தாழ்ந்த கியர் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதன்முறை இறங்கியபோது நான் மூன்றாவது கியரிலேயே வந்து, காலைப் பிரேக்கின் மீதே வைத்திருந்தேன். பாதி இறக்கத்தில் ரப்பர் தீய்ந்தாற்போன்ற நெடி வந்தது. “ஏங்க, என்ன வாசம் இது?” என்று நான் கேட்பதற்குள், “ஓரமா நிறுத்தும்மா” என்றார் அவர். பிரேக்கை அழுத்தினால் வழக்கத்தைவிட ஆழமாகப் போய்த்தான் பிடித்தது. அகலமான ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். சூடேறிய பிரேக்கின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, தகடு கோணிக்கொள்ளும். காற்றாட விட்டாலே போதும். பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன்பாகவே உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை முழுமையாக எடுத்துவிடுவதே சரியான முறை.

பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் இங்கே வேலை உண்டு. வளைவின் கீழ்ப்பக்கச் சாலை, திரும்புவதற்கு முன்பே சன்னல் வழியாக அவர் கண்ணுக்குப் படும். பேருந்தோ லாரியோ ஏறிவந்தால் அவர் சொல்ல வேண்டும், ஓட்டுபவர் மேலேயே நின்று வழிவிட வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம். செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இதுவல்ல. காது அடைத்துக்கொண்டால் எச்சிலை விழுங்கினால் சரியாகும். ராஜமலையில் இறுக மூடிய எங்கள் மனகோலப் பலகார டப்பா போடியில் திறக்க மறுக்கும். மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும். மேலே இருந்த மெல்லிய காற்றைக் கீழேயுள்ள கனத்த காற்று அழுத்துவதால் அப்படி ஆகிறது. காது அடைப்பதற்கும் அதுவே காரணம்.

தேனியில் இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, ஓட்டுநரை மாற்றிக்கொள்ளுங்கள். மலையை ஓட்டியவருக்கு அதன்பின் உண்ட மயக்கமும் வெயிலும் சேர்ந்து கண் சொருகும். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, முன்கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி வழியாக மதுரையை நெருங்கும்போது ஊருக்குள் நுழைய வேண்டாம். நாகமலைப் புதுக்கோட்டை அருகே நான்குவழிச் சாலையில் ஏறிக் கப்பலூருக்கு வந்து, அங்கிருந்து சுற்றுச்சாலையில் உத்தங்குடியை அடைந்தால் மேலூர் சாலை கிடைத்துவிடும். தொலைவு கூடினாலும் நேரம் மிச்சம்.

மேலூரைத் தாண்டித் திருப்பத்தூருக்கு வரும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கண்மாயில் தண்ணீர் இருந்தால், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் மாலையில் கூடு திரும்புவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் இப்பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஆகவே ஹாரன் அடிக்காமல், கதவை ஓசைப்படச் சாத்தாமல் இறங்குங்கள். காலையில் வரையாட்டைப் பார்த்த கண்ணால் மாலையில் நாரையையும் பார்ப்பது என்பது, எனக்குத் தெரிந்து இந்த வழியில் வருபவர்களுக்கே கிடைப்பது.

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்கு அரைமணிப் பயணத்துக்குச் சற்று மேல் ஆகும். பிள்ளையார்பட்டியில் குடைவரைக் கற்பக விநாயகரைத் தரிசிக்க நினைத்தால் நடைசாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடிக்குள் மாலை வேளையில் நெரிசல் மிகுதி. வெளியூர்த் தம்பதியர் பழைய வீட்டு விடுதிகளில் தங்குவதானால் ஏழு மணிக்குமுன் வருவதாகத் தெரிவித்துவிட்டால் இரவுப் பலகாரம் சூடாகக் கிடைக்கும். காரை நிறுத்தியதும் பெட்டியை இறக்கும் முன், நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து பார்த்து, டயரில் கல் சொருகியிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.