வறட்சியும் வெயிலும் சேர்ந்து வந்தால்: பெங்களூருத் தண்ணீர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 பருவமழை பொய்த்தது ஒரு செய்தி, 2024 ஏப்ரலில் பெங்களூரு கொதித்தது இன்னொரு செய்தி என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் தவறு. பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் வறட்சியும், பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் வெயிலும் ஒன்றாக வர நூறாண்டு ஆகும் என்று பெருக்கிப் போடாதீர்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவற்றுக்குத்தான் அந்தப் பெருக்கல் பொருந்தும். மண்ணில் ஈரம் இருந்தால் சூரிய வெப்பத்தில் பெரும்பங்கு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மண் காய்ந்துவிட்டால் அதே வெப்பம் நேராகக் காற்றைச் சூடாக்கும், சூடான காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

மழை அளவை மட்டும் வைத்து வறட்சியை எடை போடுவது அடுத்த தவறு. 30 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில், நீராவி மாறாமல் வெப்பம் மட்டும் 3 டிகிரி ஏறினால், அதன் உறிஞ்சும் வேகம் சுமார் 30 சதவீதம் கூடிவிடும். மழை துளிகூடக் குறையாமலே மண் காயும். மழையை மட்டும் பார்க்கும் எஸ்பிஐ (SPI) என்ற வறட்சிக் குறியீட்டில் இது தெரியாது. ஆவியாதலையும் சேர்க்கும் எஸ்பிஇஐ (SPEI) குறியீட்டைப் பாருங்கள்.

புவி சூடானால் பருவமழை கூடும் என்கிறார்களே என்று நிம்மதி அடையவும் முடியாது. கூடும் மழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கலாம். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் கணிப்பில், 1850-1900 காலத்தில் பத்தாண்டுக்கு ஒரு முறை வந்த கடும் வெப்பம், 2 டிகிரி சூடான உலகில் அதே பத்தாண்டில் 5.6 முறை வரும். வெயில் அவ்வளவு சாதாரணமாகிவிட்டால், மழை தவறும் ஆண்டுகளில் பலவும் கூடவே கொதிக்கும் ஆண்டுகளாகவும் ஆகிவிடும்.

வெப்ப அலை அறிவிப்புக்காகக் காத்திருப்பதும் வேண்டாம். சமவெளிக்கு அளவுகோல் 40 டிகிரி. பெங்களூரு நகரின் உச்சமே 2016 ஏப்ரலில் பதிவான 39.2தான்.

குடியிருப்போர் சங்கங்கள் சறுக்குவது வறட்சியையும் வெயிலையும் தனித்தனியாகக் கணக்குப் போடும்போதுதான். 40 வீடு, வீட்டுக்கு 4 பேர், தலைக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 21,600 லிட்டர். அதில் 10,000 லிட்டர் தரும் போர்வெல் பாதியானால் 5,000 குறையும். 6,000 லிட்டர் டேங்கர் ஒன்று போதும். வெயிலில் செலவு 10 சதவீதம் ஏறினால் 2,160. அதைச் சில நாள் சம்ப் தாங்கும். இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால் 7,160. ஒரு டேங்கர் போதாது. அந்த டேங்கர்களில் பலவும் நகர ஓரத்துப் போர்வெல்களில்தான் நிரம்புகின்றன, அவையும் அதே மாதம்தான் வற்றும். ஆகவே போர்வெல் நீர்மட்டத்தை நவம்பரில் ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், ஜனவரியிலிருந்து மாதாமாதம் அளந்து எழுதி வையுங்கள். இறங்கத் தொடங்கியதுமே தோட்டத்துக்கும் கார் கழுவவும் நல்ல தண்ணீரை நிறுத்துங்கள். ஏப்ரலில் நிறுத்தினால் மிச்சப்படுத்த ஒன்றும் இருக்காது.