ஓட்டத்தில் நின்றுபோகும் பழைய பிக்கப்: பம்பில் கை வைக்காதே தம்பி

போன வாரம் எங்கள் பட்டர்வொர்த் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, 90களின் டீசல் ஹைலக்ஸ் ஒன்றின் முன்னால் ஸ்பேனரோடு நின்றான். "அண்ணே, ஓடும்போதே நின்னுடுதாம். பம்பை இறக்கிடவா?" என்றான். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். அன்றைக்கு என்னைத் தடுக்க ஆளில்லை.

பேட்டரி முனை தளர்ந்திருக்கிறதா, டீசல் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இப்படி நிற்கும் வண்டியில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எப்படி நின்றது என்று கேட்காமல் பானட்டைத் திறப்பது

சாவியை அணைத்தாற்போல் பட்டென்று நின்றால் வயரிங் பக்கம் போங்கள். பம்பின் மேல் இருக்கும் சோலனாய்டுக்கு, அதாவது டீசல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுக்கு, மின்சாரம் விட்டுப்போனால் அது டீசலை அடைத்துவிடும். அந்த ஒற்றை வயரையும் சாவி சுவிட்சையும் ஆட்டிப் பாருங்கள். இழுத்து இழுத்து, மூச்சு முட்டி நின்றால் டீசல் வரத்தில் குறை. உடனே ஸ்டார்ட் ஆனதா, கொஞ்ச நேரம் கழித்தா என்றும் கேளுங்கள். வண்டிக்காரர் "நின்னுடுச்சு பாஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தாவது பேச வையுங்கள்.

பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நிபோங் திபாலிலிருந்து தீவுக்குக் காய்கறி ஏற்றும் ஒருவரின் பிக்கப். பினாங்குப் பாலத்தில் ஏற்றம் வரும் இடத்தில் சக்தி குறைந்து, குலுங்கி நிற்கும். பத்து நிமிடம் ஓரம் கட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். 13.5 கிலோமீட்டர் பாலத்தின் நடுவே, வெயிலில் கீரை வாட, அந்த மனிதர் எத்தனை முறை நின்றாரோ!

நான் பம்பை இறக்கி, சர்வீசுக்குக் கொடுத்து, டீசல் பாயும் நேரத்தைச் சரிசெய்து (டைமிங் வைத்து) மாட்டினேன். 1,800 வெள்ளி. மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றது. அவர் திட்டவில்லை. "இன்னும் எவ்வளவு ஆகும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் வயதான ஃபோர்மேன் ஒருவர் வந்தார். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, சூடு படாத இடத்தில் கட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாய், திரும்பிப் போகும் குழாய் இரண்டையும் கழற்றிவிட்டுக் கேனோடு இணைத்தார். மூட்டை ஏற்றி புக்கிட் மெர்தாஜாம் வரை ஓட்டிவிட்டு வந்தோம். நிற்கவே இல்லை. பம்ப் நல்ல பம்ப்!

டேங்கை இறக்கினால் உள்ளே ஐம்பது காசு அகலத்தில் ஒரு வெள்ளித்தாள். யாரோ டீசலில் கலந்து ஊற்றிய மருந்துப் போத்தலின் வாயை மூடியிருந்த தாள். உறிஞ்சும் குழாயின் சல்லடை எப்போதோ கழன்றுபோயிருந்தது. ஏற்றத்தில் இன்ஜின் அதிகம் இழுக்கும்போது தாள் குழாய் வாயில் போய் ஒட்டும். இன்ஜின் நின்றால் இழுப்பும் நிற்கும், தாள் விலகிவிடும். பத்து நிமிடத்தில் கிளம்பியதன் காரணம் அவ்வளவுதான். கேன் வைத்துப் பார்க்க அரை நாள் கூட ஆகாது. அதைச் செய்யாமல் பம்பில் கை வைப்பவனைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சொட்டவில்லை, அதனால் ஓட்டையில்லை என்பது

இந்த வகை பம்ப் டேங்கிலிருந்து தானே உறிஞ்சுகிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் விரிசல் இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடிபோல் தெரியும் குழாயைப் போட்டு ஓட விடுங்கள். குமிழி வரிசையாக வந்தால் பழைய ரப்பர் குழாய்களையும், ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பரையும் பாருங்கள்.

ஃபில்டரை மாற்றிவிட்டு டேங்கை விட்டுவிடுவது

நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். 2019இல் அதைப் பத்து விழுக்காடாக உயர்த்தினார்கள். பயோடீசல் ஈரத்தை இழுக்கும். பழைய ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் டேங்கைக் கழுவாமல் வேலை முடியாது.

ஸ்கேனர் கேட்பது

ஸ்கேனர் படிப்பது இன்ஜின் கம்ப்யூட்டரை. இந்த வண்டி இன்ஜினில் கம்ப்யூட்டரே இல்லை, தம்பி.

பாலத்தில் தனியாகச் சோதனை ஓட்டம்

வேண்டாம். இன்ஜின் நின்றால் ஆல்டர்னேட்டரோடு சுற்றி, பிரேக்கை லேசாக்கும் வேக்குவம் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீரிங்கும் கனக்கும். ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில், பின்னால் இன்னொரு வண்டியை வரச் சொல்லி ஓட்டுங்கள்.