இரவு உணவுக்குப் பின் குறுநடை: சர்க்கரை நோயாளிகள் தொடங்கும் முறை

இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பத்து மணிக்குப் படுக்கச் செல்வது நம் வீடுகளில் பலருடைய வழக்கம். உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று அதற்கொரு பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதன் வாசலில் நிற்பவர்களுக்கும் மிகுந்த பயன் தரக்கூடிய பதினைந்து நிமிடங்கள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். செலவில்லாத ஒரு பழக்கத்தை இத்தனை பேருக்கும் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இட்லி, தோசை, சப்பாத்தி, சோறு என எதை உண்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உண்ணத் தொடங்கி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் அது உச்சத்தைத் தொடுகிறது. ஓய்வில் இருக்கும்போது இந்தக் குளுக்கோஸைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வதைத் தசை சரிவரக் கேட்பதில்லை. நடக்கும்போதோ, தசை சுருங்கி விரிவதாலேயே, குளுக்கோஸை உள்ளே கடத்தும் குளூட்-4 என்னும் புரதம் இன்சுலினின் துணையை எதிர்பாராமல் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால், சாப்பாட்டுச் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவற்றுக்கு வேலை கொடுப்பது, வெள்ளம் வரும் வேளையில் மதகைத் திறப்பதற்குச் சமம்.

சித்த மருத்துவ மரபு உண்டபின் குறுநடை கொள்ளச் சொல்வது நம்மில் பலர் அறிந்ததே. அண்மைக்கால ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேர் சில நாட்கள் தமக்கு வசதியான ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நேரமும், வேறு சில நாட்கள் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமும் நடந்தார்கள். நடந்த மொத்த நேரம் ஒன்றே என்றாலும், உணவுக்குப் பின் நடந்தபோது, உணவை அடுத்து ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதமும், இரவு உணவுக்குப் பின் மட்டும் 22 சதவீதமும் குறைவாக இருந்தது. மாவுச்சத்தை நிறைய உண்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் இரவு என்பதே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஏற்கெனவே காலையில் நடப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரவு நடையும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று.

தொடங்கும் முறைக்கு வருவோம். சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பாத்திரங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற சிறு வேலைகளைச் செய்துவிட்டு நடையைத் தொடங்கலாம்; அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். முதல் வாரம் ஐந்து நிமிடமே போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் ஒன்றரை மாதத்துக்குள் பதினைந்து நிமிடத்தை எட்டிவிடலாம். வேகம் எவ்வளவு என்று கேட்டால், உடன் வருபவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு அடி வைத்தால் அந்த நிலை வந்துவிடும். வயிறு நிறைந்திருக்கும்போது அதற்கு மேல் விரைய வேண்டிய தேவை இல்லை. ஒரு முறை நடந்ததன் நற்பயன் தசையில் ஓரிரு நாட்களே தங்கும் என்பதால், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடையை விடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

இடம் ஒரு தடையே அல்ல. தெரு விளக்கு எரியாத ஊரிலும், நாய்த் தொல்லை உள்ள தெருவிலும், மொட்டை மாடியும் கூடமும் இருக்கின்றன. என் தாயார் தம் 68-ஆம் வயதில் எங்கள் மொட்டை மாடியில்தான் தொடங்கினார். கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றுவார். முதல் வாரம் பத்துக் கொட்டைகள் இருந்தன. இரண்டாம் மாதம் முப்பது ஆயின. மழை நாளில் கிண்ணங்கள் கூடத்துக்கு வந்துவிடும். எட்டு வடிவம் வரைந்து நடப்பவர்கள் அப்படியே நடக்கலாம். சர்க்கரையைக் குறைப்பது காலின் உழைப்பே ஆகையால் எந்தத் திசை நோக்கி வரைகிறோம் என்பது பொருட்டன்று. தலைச்சுற்றலோ முழங்கால் வலியோ உள்ளவர்களுக்கு, அடிக்கடி திரும்ப வேண்டிய எட்டைவிட நேர்நடையே நல்லது.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாடிதானே என்று ஒரு நாள் என் தாயார் வெறுங்காலுடன் நடந்திருக்கிறார். மறுநாள் காலை படுக்கை விரிப்பில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான், உடைந்த தளஓட்டுச் சில்லு ஒன்று உள்ளங்காலைக் கீறியிருந்தது தெரிந்தது. இரவு முழுவதும் அவருக்கு வலியே இல்லை. நாள்பட்ட சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போவதால் இப்படி நேர்கிறது. இத்தகைய சிறு காயம்தான் கவனிக்காமல் விட்டால் ஆறாப் புண்ணாகிவிடுகிறது. எனவே வீட்டுக்குள் நடந்தாலும் குதிகாலைப் பிடித்து நிற்கும், விரல்களை நெருக்காத காலணியை அணிய வேண்டும். அணியும் முன் உள்ளே கையை விட்டுக் கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். நடந்து முடித்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். காலில் ஏற்கெனவே புண் இருப்பவர்கள் அது ஆறும்வரை நடக்கவே கூடாது.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்கும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட வாய்ப்பு உண்டு. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை அதன் அடையாளங்கள். அவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து அளவைப் பார்க்க வேண்டும். இதற்காகவே சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உணவுக்குப் பின் நடக்க வேண்டும். நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆளை அழைக்க வேண்டும்.

பயன் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் இரவு மூன்று இட்லியும் சாம்பாரும் உண்டு, நடக்காமல் இருந்து, சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரம் கழித்துக் கையை நன்றாகக் கழுவி உலர்த்திய பின் குளுக்கோமீட்டரில் அளவைப் பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே உணவை அதே அளவு உண்டு, பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு, அதேபோல் பாருங்கள். ஒரு நாள் அளவு வேறு காரணங்களாலும் மாறக்கூடும். ஆகவே இப்படி மூன்று நான்கு இணைகள் எடுத்து, தேதி, உணவு, நடந்த நிமிடம், அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். அளவு நன்றாக இறங்கியிருந்தாலும், மாத்திரையைக் குறைப்பதா, இரவு வேளை மருந்தை மாற்றுவதா என்பதை அதைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.