வெப்லியா, என்ஃபீல்டா? பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஓர் ஏலத்துக்கு முந்தைய நாள் பொருட்களைப் பார்க்கப் போயிருந்தேன். செயலிழக்கச் செய்யப்பட்ட ரிவால்வர் ஒன்றின் அருகே ஓர் அட்டை: "வெப்லி மார்க் 4, போயர் போர்க் காலம்." வெப்லி என்பது தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனம், மார்க் என்பது வடிவத்தின் வரிசை எண், போயர் போர் என்பது தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போர். கையில் எடுத்துத் திருப்பினால், பக்கவாட்டில் .38 என்றும் (அங்குலக் கணக்கில் தோட்டாவின் அளவு) அதை ஒட்டி 145/200 என்றும் தெளிவாகப் பொறித்திருக்கிறது. 145, 200 என்பவை அந்த ரிவால்வர் ஏற்கும் குண்டுகளின் எடை, கிரெயின் என்ற சிறிய எடை அலகில். போயர் போர் 1902-லேயே முடிந்துவிட்டது. அட்டையின் பக்கத்தில் இருந்ததோ இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆயுதம். இடையே நாற்பது ஆண்டு வித்தியாசம், விலையிலும் அதற்கேற்ற வித்தியாசம்.

அட்டை எழுதியவர் வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. 'மார்க் 4' என்ற எழுத்தைப் பார்த்தார், அதோடு நின்றுவிட்டார். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். வெப்லி நிறுவனம் 'மார்க் 4' என்ற பெயரை இரண்டு வேறு துப்பாக்கிகளுக்கு வைத்தது. ஒன்று 1899-ல் ராணுவம் ஏற்ற .455 அளவு. போயர் போரோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். இன்னொன்று பிற்காலத்து .38. ஆகவே மார்க் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவைச் சேர்த்துப் படியுங்கள்.

.455 வரிசையை மனதில் வைத்துக்கொள்வது கடினமில்லை. மார்க் 1, 1887. மார்க் 2, 1894. மார்க் 3, 1897. மார்க் 4, 1899. மார்க் 5, 1913. மார்க் 6, 1915. முதல் ஐந்துக்கும் கைப்பிடி பறவையின் தலைபோல் வளைந்து முடியும். மார்க் 6-க்கு மட்டும் கைப்பிடியின் அடி சதுரமாக இருக்கும், குழலும் 6 அங்குலம். எட்டி நின்று பார்த்தாலே பிடிபட்டுவிடும். ஆனால் குழல் நீளத்தை மட்டும் நம்பி மார்க்கைச் சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரில் ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய மார்க்குகள் சிலவற்றுக்கு 6 அங்குலக் குழல் மாட்டித் திரும்பப் படைக்கு அனுப்பினார்கள். அப்படி மாற்றப்பட்டவற்றில் பலவற்றில் மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்ன நட்சத்திரம் இருக்கும். பலர் அதைக் கீறல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அந்தத் துப்பாக்கியின் இரண்டாவது வாழ்க்கையே அந்த நட்சத்திரத்தில்தான் இருக்கிறது.

அடுத்த குழப்பம் வெப்லிக்கும் என்ஃபீல்டுக்கும் நடுவில். இரண்டும் நடுவில் மடிந்து திறக்கும், திறந்ததும் காலித் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளும். முதல் உலகப் போர் முடிந்தபின் ராணுவம் .455-ஐவிடச் சிறிய, பழக எளிதான ரிவால்வரைத் தேடியது. வெப்லி தன் .38-ஐக் கொடுத்தது. அரசோ அதன் அடிப்படையில் என்ஃபீல்டில் உள்ள தன் ஆயுதத் தொழிற்சாலையில் தனக்கென ஒன்றை வடிவமைத்து, 1932-ல் 'நம்பர் 2 மார்க் 1' என்று ஏற்றுக்கொண்டது. வெப்லி சும்மா இருக்கவில்லை. ஆய்வுச் செலவுக்காக 2,250 பவுண்டு கேட்டது. கடைசியில் கிடைத்தது 1,250 பவுண்டு. இரண்டும் ஒரே மாதிரி தெரிவதற்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கே இருக்கிறது. தோற்றம் ஒன்றானாலும் உள் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. என்ஃபீல்டில் உள் இயக்கத்தை மூடும் தகடு ஒரு பக்கத்தில் தனியாகக் கழன்று வரும். வெப்லியில் அப்படித் தகடு கிடையாது. என்ஃபீல்டின் வலப்பக்கத்தில் கிரீடமும் தயாரித்த ஆண்டும் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோவின் ஆல்பியன் மோட்டார்ஸ் நிறுவனமும் இதே ரிவால்வரைச் செய்தது. ஆகவே 'ஆல்பியன்' என்ற பெயரைப் பார்த்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

என்ஃபீல்டில்தான் பணத்தை இழக்கும் வாய்ப்பு அதிகம். 1938-ல் வந்த, மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் பொறித்த வடிவத்தில், தோட்டாவை அடிக்கும் சுத்தியலில் கட்டைவிரலால் இழுக்கும் கொம்பு கிடையாது. டாங்கிக்குள் இருக்கும் வீரர்களுக்கு அந்தக் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதன்பின் படையில் இருந்த பழைய மார்க் 1 ரிவால்வர்களையும் பெரும்பாலும் அப்படியே மாற்றிவிட்டார்கள். அதனால் மாற்றப்படாத, கொம்புள்ள சுத்தியல் கொண்ட மார்க் 1 இன்று அரிது. அரிது என்றால் விலை கூடும், விலை கூடினால் யாராவது கொம்புள்ள சுத்தியலைத் தேடிப் பிடித்து மாட்டிவிடுவார்கள். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்து, சுத்தியலில் கொம்பும் இருந்தால் கேள்வி கேளுங்கள். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு லேசாகக் குழிந்து, சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாமல் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இனி அகன்ற அம்பு. காக்கைக் காலடி போல் மூன்று கோடு, பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான குறி. இது இல்லாததை ராணுவத் துப்பாக்கியே இல்லை என்று தள்ளிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முதல் உலகப் போர் வரை அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அரசுத் தோட்டா அதில் பொருந்த வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆகவே போர்க்களத்துக்குப் போய் வந்த எத்தனையோ வெப்லிகளில் அம்புக்குறியே இராது. பர்மிங்ஹாம் பரிசோதனைக் கூடத்தின் வணிக முத்திரையும், விற்ற கடையின் பெயரும் மட்டும் இருக்கும். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டிக்கொண்டு இருந்தால், அரசு அதைப் படையிலிருந்து விற்றுவிட்டது என்று பொருள். ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவில் என்றால் ஆஸ்திரேலியா. அம்போடு 'ஐ' சேர்ந்திருந்தால் இந்தியா.

முத்திரை இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே உள்ள தர்ரா ஆதம் கேலில் தலைமுறை தலைமுறையாகக் கையால் துப்பாக்கி செய்கிறார்கள். வெப்லி நகல்களும் அங்கிருந்து வந்திருக்கின்றன. செய்பவருக்கு ஆங்கிலம் தெரியாமல், எழுத்தை ஓவியம் போல் பார்த்துப் பொறித்திருப்பார். அதனால் எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும், சொல் பிழையாக இருக்கும், வரி மேலும் கீழுமாக ஓடும். அவை கைத்தொழிலாகப் பார்க்க வேண்டிய பொருட்கள், அந்த வகையில் எனக்கு அவை பிடிக்கும். அசல் வெப்லி செய்யப்பட்ட பர்மிங்ஹாமின் விலை கொடுத்து அவற்றை வாங்குவதுதான் தவறு. மார்க் 6-இன் குழலில் மாட்டும் பிரிட்சர்ட் பயனெட் என்ற கத்தியிலும் இதே கவனம் வேண்டும். கிரீனர் நிறுவனம் மிகக் குறைவாகவே செய்தது, ராணுவம் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவும் இல்லை. இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பிற்காலப் பிரதிகள்.

கதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். "சோம் போரில் தாத்தா வைத்திருந்தது" என்பார்கள். துப்பாக்கியின் உடற்சட்டத்தில் 1918 என்று பொறித்திருந்தால், 1916-ல் நடந்த சோம் போருக்கு அது எப்படிப் போயிருக்க முடியும்?

தோட்டா விஷயத்தில் தவறு செய்தால் பணத்தோடு போகாது. .455 ரிவால்வர்கள் பல அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே எளிதில் கிடைக்கும் .45 ஏசிபி தோட்டா பொருந்துவதற்காக, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455-க்காகச் செய்த இரும்பு தாங்க வேண்டிய அளவைவிட அதிகம். பொருந்துகிறது என்பதற்காகச் சுட்டு, சிலிண்டர் வெடித்த துப்பாக்கிகள் உண்டு. வாங்கும் முன் சிலிண்டரின் பின்முகத்தைப் பாருங்கள். சீவியிருந்தால் சேகரிப்பு மதிப்பும் குறைகிறது. அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸனின் 'விக்டரி' ரிவால்வரில் வேறு சிக்கல். பிரிட்டனுக்கு வந்தவை .38/200 என்ற பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. போருக்குப் பின் வணிகர்கள் பலவற்றின் சிலிண்டரில் தோட்டா இருக்கும் அறைகளை நீட்டி, .38 ஸ்பெஷல் என்ற அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். ஸ்பெஷல் தோட்டா நீளம் அதிகம், தடிமன் குறைவு. தளர்வான அறைக்குள் அதன் உறை உப்பி, சில நேரம் கிழிந்தும் போகும்.

சட்டத்தை 'பழசுதானே' என்று விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 2021 விதிகளின்படி, பழம்பொருள் என்ற விலக்குக் கிடைக்க 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது போதாது, தோட்டா அளவும் வழக்கொழிந்த பட்டியலில் இருக்க வேண்டும். .455 அந்தப் பட்டியலில் இல்லை. பழைய விதிப்படி செயலிழக்கச் செய்ததை இப்போது விற்க வேண்டுமானால், புதிய தரத்துக்கு மாற்றிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான். பரணில் இருந்து எடுத்த தாத்தாவின் ரிவால்வருக்கு அந்த விலக்கு தானாக வந்துவிடாது.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கும் தவறு: பாலிஷ். இரண்டாம் உலகப் போரில் வெப்லி சில ரிவால்வர்களில் 'வார் ஃபினிஷ்' என்று பொறித்தே அனுப்பியது. அவசரத்தில் மேற்பரப்பை வழவழப்பாக்க நேரமில்லை, கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். அதைக் குறை என்று நினைத்துத் தேய்த்தால், அந்த ஆண்டுகளின் அடையாளத்தையே தேய்க்கிறோம். தூசியைத் துணியால் துடையுங்கள், லேசாக எண்ணெய் தடவுங்கள், அது போதும். திருகாணியைக் கழற்ற வேண்டுமென்றால் பள்ளத்துக்கு அளவான திருப்புளி வேண்டும். வீட்டுத் திருப்புளி பட்ட திருகாணியின் தலை அடுத்தவர் கண்ணுக்கு உடனே தெரியும். குழல், உடற்சட்டம், சிலிண்டர் மூன்றிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமானாலும், எண்கள் முதலில் பிழைத்திருக்க வேண்டுமே.

அந்த ஏலத்துக்கு வந்த இன்னொரு மார்க் 6 கண்ணாடி போல மின்னியது. சிலிண்டருக்குக் கீழே ஆண்டு பொறித்திருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். 1, 9, 1 வரை மங்கலாகத் தட்டுப்பட்டது. அதற்கு அடுத்த இலக்கம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.