மலைநாட்டிலிருந்து மஹாஓயா சுடுதண்ணிக் கிணறுகளுக்கு

சுடுதண்ணி ஊற்று என்றதும் கந்தகம், அமிலம், தோல் எரிச்சல் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அம்பாறை மாவட்டத்து மஹாஓயா போன்ற நம் இலங்கை ஊற்றுகளில் அந்தப் பயம் வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது சூட்டுக்கு.

ஜப்பானின் குசாட்சுவில் ஊற்றுநீரின் பி.எச். ஏறத்தாழ 2, தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு. எரிமலை வாயுக்களிலுள்ள கந்தகம் நீரில் கந்தக அமிலமாகிறது. அது கலக்கும் யுகாவா ஆற்றில் இரும்பும் கொங்கிரீட்டும் அரித்துப்போகும் என்பதால், அமிலத்தை முறிக்க 1964 முதல் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து ஆற்றில் விடுகிறார்கள். கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை மலைக்கு டொலமைட் போட்டு மண்ணின் புளிப்பைக் குறைப்பதும் இதே வேலைதான். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவு வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. அதனால் புளிப்பு ஏறுவதில்லை.

பிள்ளைகளோடு போகிறீர்களா? சோதித்துக் காட்டுங்கள். ஐந்து செவ்வரத்தம்பூ இதழ்களை அரைக் கோப்பைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். மூன்று வெள்ளைக் கோப்பைகளில் ஆறிய ஊற்றுநீர், தேசிக்காய்ச் சாறு, அப்பச் சோடா கரைத்த நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு விடுங்கள். அமிலத்தில் சிவக்கும், சோடாவில் பச்சையாகும். ஊற்றுநீர் எதன் பக்கம் சாய்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை வழியாக மஹாஓயா. முழுக்க ஏ-5 வீதி. கண்டிப் பக்கத்தார் 18 வளைவு இறங்கி மஹியங்கனை வழியாகப் பதியத்தலாவையில் அதே வீதியைப் பிடிக்கலாம். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சிறிய கியரில் இறக்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காலை பத்து மணிக்கு முன் போய்ச் சேருவது நல்லது. போயா நாளில் கூட்டம் நிறையும். யானை நடமாடும் பகுதி என்பதால் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். ஊருக்குள் சிங்களத்தில் வழி கேட்க, "உணுவத்துர லிந்த கொஹெத?" (சுடுதண்ணிக் கிணறு எங்கே?) போதும்.

கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். மிகச் சூடானது ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ். அந்தச் சூடு அரை நிமிடத்தில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும், பிள்ளைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். ஆகவே கிணற்றில் கால் விடாமல் வாளியில் அள்ளிக் கலந்து ஊற்றுங்கள். 55 பாகை நீர் ஒரு வாளிக்கு, 25 பாகைப் பச்சைத்தண்ணி ஒரு வாளி கலந்தால் குளிக்க இதமான 40 பாகை வரும். 45 பாகைக் கிணறென்றால் மூன்றுக்கு ஒன்று. பச்சைத்தண்ணி அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் 20 லீற்றர் கேன் ஒன்றை நிரப்பிக்கொண்டு போங்கள். 42 பாகை வரை காட்டும் காய்ச்சல் வெப்பமானி உதவாது. 100 வரை காட்டுவது வேண்டும். இல்லையென்றால் முழங்கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கை காய்த்துப்போனவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது. சீனி வருத்தம் உள்ளவர்களின் பாதம் மரத்திருக்கும். அவர்களுக்கு வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முட்டை அவிக்கக் கொண்டுபோவதில் பயனில்லை. வெள்ளைக்கரு இறுகவே 60 பாகைக்கு மேல் வேண்டும்.

காலில் தொடங்கி மேலே ஊற்றுங்கள். பத்து நிமிடம் போதும். பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. அட்டைக்கடி, வெட்டுக்காயம், கால் வெடிப்பு ஆறாதவர்களும் அப்படியே. தலை முழுகவோ மூக்குக்குள் நீர் ஏறவோ விடாதீர்கள்: வெதுவெதுப்பான நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகக்கூடியது. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மருந்து என்று நினைத்து இந்த நீரைக் குடிக்கவும் வேண்டாம், இத்தகைய ஊற்றுகளில் ஃபுளோரைட் மிகுதி. குடிநீர் ஆளுக்கு ஒரு லீற்றராவது தனியாக எடுத்துப்போங்கள்.

சாரதி குளித்திருந்தால் அரைமணி நேரம் இருந்துவிட்டே புறப்பட வேண்டும்; சூட்டுக்குளியலுக்குப் பின் கண் சொக்கும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் கொலுசு, மோதிரத்தை உடனே கழற்றி, ஓடும் பச்சைத்தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் பூசாதீர்கள். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதானால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.