கிரேக்கப் பிட்டா: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கப் பிட்டாவை முதன்முறையாகச் செய்பவர்களில் பலர் அதைத் தடித்த சப்பாத்தி என்றோ, நடுவில் பை போலப் பிரியும் அரபு நாட்டுப் பிட்டா என்றோ எண்ணிக்கொண்டு மாவைப் பிசையத் தொடங்குகிறார்கள். அது இரண்டும் அல்ல. ஏதென்ஸிலும் தெசலோனிகியிலும் சுட்ட இறைச்சி, தக்காளி, வெங்காயம், வெள்ளரித் தயிர்ப் பச்சடியான ட்ஸாட்ஸிகி ஆகியவற்றை வைத்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கிறார்களே, அந்த ரொட்டிக்குள் பை கிடையாது. சுமார் அரை சென்டிமீட்டர் தடிமன், சுருட்டினாலும் வெடிக்காத மென்மை, மேற்பரப்பில் ஆலிவ் எண்ணெயின் பளபளப்பு ஆகியவையே அதன் அடையாளம். (கிரேக்க மொழியில் கீரையை உள்ளே வைத்துச் சுடும் பலகாரத்தையும் 'பிட்டா' என்றே சொல்வார்கள் என்பதால், செய்முறை தேடும்போது எந்தப் பிட்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.)

பெரும்பாலான பிட்டாக்கள் அடுப்புக்குப் போகுமுன் பிசையும் பாத்திரத்திலேயே கெட்டுவிடுகின்றன. 500 கிராம் மைதாவுக்கு 310 மில்லி தண்ணீர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், 9 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் என்று எடுத்துக்கொண்டால், கலந்த உடனே மாவு கையெல்லாம் ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, அந்த ஒட்டலைக் கண்டதும் ஒரு பிடி மாவை அள்ளித் தூவும். பிறகு இன்னொரு பிடி. இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு பிடி மாவும் சுட்ட பிறகு வறட்டுத்தன்மையாகத் திரும்பி வரும். தூவுவதற்குப் பதிலாகப் பாத்திரத்தை மூடிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். மாவு தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின் கையில் எண்ணெய் தடவி எட்டுப் பத்து நிமிடம் பிசைந்தால், ஒட்டிக்கொண்டிருந்த அதே மாவு வழவழப்பாகிவிடும். நெல்லிக்காய் அளவு கிள்ளி இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்த்தால், கிழியாமல் விரிந்து அதனூடே வெளிச்சம் தெரிய வேண்டும். அளப்பதற்குக் கோப்பையை நம்பாமல் தராசைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. முழுக் கோதுமை மாவு சேர்க்க விரும்பினால் கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலுள்ள தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும்.

ஈஸ்ட்டுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் இறந்துவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கும் வெதுவெதுப்பே போதுமானது.

மாவு பொங்கும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. குளிர் நாட்டுச் செய்முறையில் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தாலும், நம் கோடையில் முக்கால் மணியிலேயே மாவு இரண்டு மடங்காகிவிடக்கூடும். அதைத் தாண்டி விட்டுவைத்தால் புளித்த வாடையும், தேய்க்கும்போது கிழியும் தளர்ச்சியும் வந்துவிடும்.

பொங்கிய மாவைச் சுமார் 100 கிராம் வீதம் எட்டு உருண்டைகளாக்கிய கையோடு தேய்க்கத் தொடங்கினால், மாவு ரப்பர் போலச் சுருங்கித் திரும்பும். அதனோடு மல்லுக்கட்டிக் குழவியை அழுத்துவதில் பயனில்லை. உருண்டைகளை ஈரத்துணியால் மூடிப் பதினைந்து நிமிடம் விட்டால், தானாகவே இணங்கும். பதினாறு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் தேய்க்க வேண்டாம். தேய்த்ததும் முள்கரண்டியால் பரவலாகக் குத்திவிடுங்கள். சப்பாத்தி உப்பினால் நமக்கு மகிழ்ச்சி. இங்கோ உப்பினால் ரொட்டி இரண்டு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, உள்ளே வைக்கும் தக்காளியின் சாற்றில் ஊறிக் கிழிந்துவிடும்.

சிறு தீயில் நிதானமாகச் சுடுவதே நல்லது என்ற எண்ணம் இந்த ரொட்டிக்குப் பொருந்தாது. நேரம் நீள நீள ஈரம் போய்விடும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் அளவுக்குத் தோசைக்கல்லைக் காயவைத்து, எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் மட்டும் சுட வேண்டும். அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்து, மற்ற இடம் வெளிறியே இருக்கும்போது எடுத்துவிடுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் உடனுக்குடன் துணியில் பொதிந்து அடுக்கினால், அதன் ஆவியே அதை மென்மையாக்கும். தட்டில் திறந்து வைத்தால் ஓரங்கள் அப்பளமாகிவிடும்.

எண்ணெயின் முறை இதற்குப் பிறகுதான் வருகிறது. கிரேக்கக் கடைகளிலும் முன்பே பாதி வெந்த பிட்டாவைத்தான் பரிமாறும் நேரத்தில் எண்ணெய் தடவி மறுபடியும் கல்லில் வாட்டுகிறார்கள். வீட்டிலும் அவ்வாறே இருபுறமும் ஆலிவ் எண்ணெய் பூசி, பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டி, இறக்கிய பிறகு உப்பும் உலர்ந்த ஒரிகானோவும் தூவுங்கள். கல்லில் இருக்கும்போதே தூவினால் ஒரிகானோ கருகிக் கசந்துவிடும்.

இவ்வளவு பார்த்துச் செய்த பிட்டாவையும் நீர்த்த ட்ஸாட்ஸிகி ஐந்தே நிமிடத்தில் ஊறவைத்துவிடும். வெள்ளரிக்காயைத் துருவி, உப்பு பிசறிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் இறுகப் பிழிந்த பின்பே கெட்டித் தயிரோடும் பூண்டோடும் சேருங்கள்.